பதினைந்து நிமிஷம் கழித்தால் நிஜ மணி

எங்கள் வீட்டுக் கடிகாரம் பதினைந்து நிமிஷம் வேகமாக ஓடியது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அது பாட்டுக்கு ஒழுங்காகத்தான் ஓடியது. நாங்கள்தான் அதைப் பதினைந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தோம்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம்தான். என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு ஏழு இருபதுக்கு வரும். ஏழு இருபத்தொன்றுக்குப் போனால் அங்கே புகைதான் இருக்கும். கல்யாணமான புதிதில் இரண்டு முறை பஸ்ஸை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்தார். ஒரே மாதத்தில் அந்த ஐந்து நிமிஷம் எங்களுக்குப் பழகிவிட்டது. "அட, இன்னும் அஞ்சு நிமிஷம் கீதே" என்று இன்னொரு டம்ளர் டீ கேட்க ஆரம்பித்தார். அதனால் பத்தாக்கினார். பத்தும் பழகியது. பெரியவள் பிறந்த வருஷம் பதினைந்தில் வந்து நின்றது. அதற்கு மேல் போயிருந்தால் கடிகாரத்தைக் கழற்றி நானே குப்பையில் போட்டிருப்பேன்.

எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. எதிர்வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் இருபது நிமிஷம், அந்த அண்ணன் சென்னைக்கு ரயிலில் போகிறவர். வாசலில் நின்று யாராவது மணி கேட்டால், "ஊட்டு மணியா, நிஜ மணியா?" என்று திருப்பிக் கேட்பதுதான் வழக்கம். போன் எல்லோரிடமும் இருக்கிறது, அதில் சரியான மணியும் இருக்கிறது. காலையில் கையில் தோசைக் கரண்டியோடு நிற்கிறவள் போனைத் தேடிக்கொண்டா இருப்பாள்? அண்ணாந்து பார்ப்போம், பதினைந்தைக் கழிப்போம், வேலையைப் பார்ப்போம்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு. இருவருக்கும் பின் தெருவில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம்தான். அவர்கள் அப்பாவின் சொந்தங்கள் ஆந்திர எல்லைப் பக்கம், அதனால் இரண்டும் அவரை "நைனா" என்றுதான் கூப்பிடும். வீட்டில் படிப்பு என்றால் மேஜை நாற்காலியெல்லாம் கிடையாது. அடுப்புக்கு எதிரே ஒரு பாய். இட்லித் தட்டில் பெருக்கல், வெங்காயக் கூடையில் கூட்டல். நாலு குழித் தட்டு மூணு வைத்தால் எத்தனை இட்லி என்று கேட்டால் பெரியவள் விரல் விட்டு எண்ணிப் பன்னிரண்டு என்பாள். சின்னவள், "அதுல எனக்கு எத்தினி?" என்பதோடு கணக்கை முடித்துக்கொள்வாள்.

எனக்குக் கோபம் முதலில் வரும், காரணம் பிறகு வரும். இது என் வீட்டுக்காரர் சொல்வது. சின்னவள் எழுத்துக் கூட்டித் தானாகப் படித்த முதல் நீள வார்த்தை, ரசாயனக் கம்பெனிக்குப் போகும் டேங்கர் லாரியின் முதுகில் இருந்தது. 'எளிதில் தீப்பற்றக்கூடியது.' அப்படின்னா இன்னா என்று கேட்டாள். "சட்டுனு பத்திக்கும்னு அர்த்தம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ன மாதிரியா?" என்றாள். அவள் அப்பா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நல்லா வேணும்.

பெரியவள் அப்படி இல்லை. வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற மாதிரி இருப்பாள். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தாலும் எழுந்து நின்று உதட்டை மட்டும் அசைப்பாள். "சத்தமா சொல்லு" என்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"அம்மா, எனக்கு முள்ளு கடிகாரம் பாக்கக் கத்துக் குடு."

"இன்னா திடீர்னு?"

அவர்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இரும்புக் கம்பியால் அதில் அடித்தால் அதுதான் மணி. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வேலையை மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறார்களாம். முள் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும், வாரத்துக்கு ஒருவராக. பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டும். அடித்தால் பள்ளிக்கூடம் மொத்தமும் எழுந்துகொள்ளும்.

"நான் அடிச்சா இங்க உனக்குக் கேக்குமா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவள் குரல் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காது. இரும்பு சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். "ஏன் கேக்காது? நான் வாசல்லயே நின்னு கேக்கறேன் பாரு" என்றேன்.

அன்றைக்கே ஆரம்பித்தோம். எவர்சில்வர் தட்டில் பன்னிரண்டு வேர்க்கடலையை வட்டமாக வைத்தேன். நீளமான முருங்கைக்காய்த் துண்டு பெரிய முள், குட்டைத் துண்டு சின்ன முள். பெரியவள் முள்ளைத் திருப்பித் திருப்பி மணி சொன்னாள். பாதியில் பார்த்தால் ஏழைக் காணோம்.

"ஏழு எங்கடி?" என்றேன்.

"உள்ள போயிடுச்சு" என்று சின்னவள் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். அன்றைக்கு எட்டுக்குப் பிறகு எதுவும் மிஞ்சவில்லை.

நாலு நாளில் தட்டுக் கடிகாரம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. அடுத்து சுவர்க் கடிகாரம். அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "பாரு, முள்ளு ஆறரையில நிக்குதா? இப்ப பதினஞ்சு கழி. ஆறேகால். அதான் நிஜ மணி." கடிகாரத்தோடு கழித்தலும் சேர்ந்து வருகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "இன்னா மணின்னு கேளுங்க அவள" என்று வேடிக்கை வேறு காட்டினேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வகுப்பில் அட்டைக் கடிகாரத்தை வைத்துப் பரீட்சை வைத்தார். பத்துக்குப் பத்து. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்கு மணி எங்கள் பெரியவள் கையில். அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் யாரிடம் நான் அதைச் சொல்லவில்லை? காய்கறி வண்டிக்காரரிடம் கூடச் சொன்னேன்.

திங்கட்கிழமை பார்த்து ரேஷன் கடையில் பருப்பு போடுவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம் என்று போனேன். வரிசை நகரவே இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது ஒன்றேகால் ஆகியிருந்தது. நிஜ ஒன்றேகால். மணி சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் சின்னவள்தான் முதலில் ஓடி வந்தாள், நியூஸ் வாசிக்கிற மாதிரி. "அம்மா! இன்னிக்கு அக்கா எங்களுக்குச் சோறே போடல! ஒண்ணாங்கிளாஸ்ல நாலு பேர் பசில அழுதுட்டாங்க. சாப்பாட்டு ஆயா கரண்டியோட வந்து கத்திச்சு!"

பின்னால் பெரியவள் வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தாளாம். டீச்சர் கம்பியை வாங்கி வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். "நான் கரெக்டாதான் அடிச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு வரை பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டது. என் பெண் பத்துக்குப் பத்து வாங்கியவள். அவளுக்கா மணி தெரியாது? வாயில்லாப் பிள்ளை என்று இளக்காரம். மறுநாள் காலையில் தலை கூட ஒழுங்காகப் பின்னாமல் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா டீச்சர், பாஸ் பண்ண புள்ளகிட்டருந்து கம்பியப் புடுங்கறதா? வாயத் தொறந்து கேக்காதுன்னு தான?" என்று பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கத்தினேன். பிரேயருக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன.

டீச்சர் கோபப்படவில்லை. "எனக்கும் புரியலம்மா. நீங்களே கேட்டுப் பாருங்க" என்று சுவரைக் காட்டினார். பள்ளிக்கூடக் கடிகாரத்தில் ஒன்பது பத்து.

"மணி இன்னா, சொல்லும்மா" என்றேன், சொல்லி அவர் முகத்தில் கரியைப் பூசுவாள் என்று.

பெரியவள் அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைந்தது. விரலை மடக்கினாள். "எட்டு அம்பத்தஞ்சு."

நானும் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன். "ஒம்பது பத்துடி அது!"

"முள்ளு ஒம்பது பத்துதான். பதினஞ்சு கழிச்சேன்."

"இங்க எதுக்குடி கழிச்ச?"

"கடிகாரம்னா கழிக்கணும்ல? நீதான சொன்ன" என்றாள்.

"அப்போ அன்னிக்கு அட்டைக் கடிகாரத்துல எப்படிக் கரெக்டா சொன்னே?" என்று டீச்சர் குனிந்து கேட்டார்.

"அது அட்டைதானே மிஸ். ஓடற கடிகாரத்துக்குத்தான் கழிக்கணும்."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன். கத்திய அதே வாயால் எங்கள் வீட்டுப் பதினைந்து நிமிஷக் கதையைச் சொன்னேன். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்லயும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்தான்மா. நானும் ரயிலைப் பிடிச்சுதானே வரேன்" என்றார். பிறகு பெரியவளைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த திங்கட்கிழமை உனக்கு இன்னொரு தடவை தரேன். ஆனா அன்னிக்கும் நேரம் தப்பினா மணி அஞ்சாங்கிளாசுக்குப் போயிடும். பசங்க பசியோட இருக்காங்க இல்ல?"

பெரியவள் தலையை ஆட்டினாள். தன்னால் வகுப்பு மொத்தமும் மணியை இழக்கலாம் என்பது அவளுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. தப்பு அவளுடையது இல்லை என்பதும் சேர்ந்து புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன். பேட்டரி பொங்கி நாறிக் கிடந்தது. டிவி ரிமோட்டில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டு, போனைப் பார்த்து நிஜ மணி வைத்து மாட்டினேன். ஒன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் முதல் தடவையாகக் கடிகாரம் உண்மை பேசியது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஏம்மா, என் பொழப்பே அந்தப் பதினஞ்சு நிமிஷத்துலதான் ஓடிக்கினு கீது. அதுல கைய வெச்சிட்டியே."

"உங்க பஸ் முக்கியமா, அவ மணி முக்கியமா?"

"ரெண்டும் முக்கியம்தான்" என்றார் பாவம்.

புதன்கிழமை காலை பஸ்ஸை விட்டார். கடிகாரத்தைப் பார்த்துத்தான் விட்டார். ஏழேகால் காட்டியது. பழைய பழக்கத்தில் மனசுக்குள் பதினைந்தைக் கழித்து, ஏழுதானே என்று இரண்டாவது டம்ளர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று அதே கணக்கைப் போட்டுக்கொண்டு தோசை சுட்டேன். பஸ் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போன பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஷேர் ஆட்டோவில் அடித்துப் பிடித்துப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வந்தார்.

"பேஜாரா பூடுச்சு. பழையபடியே தள்ளி வெய்" என்றார் செருப்பைக் கழற்றும்போதே.

நான் வாயைத் திறப்பதற்குள் பாயில் இருந்து ஒரு குரல் வந்தது. "வேணாம் நைனா. நான் உனக்கு மணி சொல்றேன்."

பெரியவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொட்டை எழுத்தில் எழுதினாள். 'இது நிஜ மணி. யாரும் கழிக்காதீங்க.' சோற்றுப் பருக்கையைத் தடவிக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினாள். மறுநாள் காலையிலிருந்து பல் துலக்கிக்கொண்டே நின்று கூவினாள். "நைனா, ஏழு! நிஜ ஏழு! நைனா, ஏழு பத்து! டம்ளர கீழ வை!" இவளுக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று எங்களுக்கே தெரியாது. எதிர்வீட்டு அக்கா, "உங்க ஊட்ல ரேடியோ வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பஸ் கிடைத்தது. சனிக்கிழமை மட்டும் கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடித்தாராம். டிரைவர் முன்னாடியே எடுத்துட்டான் என்று சாயங்காலம் வரை திட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வந்தது. ரேஷன் கடையில் தங்கமே கொடுத்தாலும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டேன். வாசற்படியில் நின்றால் பள்ளிக்கூடத்துப் பக்கம் காது, உள்ளே திரும்பினால் கடிகாரம். பன்னிரண்டு இருபது. இருபத்தைந்து. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவனை மனசாரச் சபித்தேன். இருபத்தேழு. இருபத்தெட்டு.

டங்! டங்! டங்!

என்ன அடி! தயக்கமே இல்லாத அடி. அடுத்த நொடி கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தெட்டு. அடிப்பாவி, இரண்டு நிமிஷம் முன்னாடியே அடித்துவிட்டாளே! பயத்தில் அவசரப்பட்டிருக்கிறாள். அவ்வளவுதான், மணி அஞ்சாங்கிளாசுக்குப் போய்விட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது, தெரியாத நம்பர். எடுத்தால் வீட்டுக்காரர். அவர்கள் ஆலையில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டியிடம் கெஞ்சி அவர் போனில் பேசுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

"அடிச்சாளா?"

"அடிச்சா."

"கரெக்டா?"

"கரெக்டா அடிச்சா" என்று பொய் சொன்னேன். "சூப்பரு!" என்று அவர் கத்தியதில் பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. என்ன சொல்லி அவளைச் சமாதானப்படுத்துவது என்று யோசித்தபடியே பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், கேசரி கிண்டினேன்.

நாலேகாலுக்குப் பெரியவள் வந்தாள். பையைக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"கேட்டுச்சாம்மா?"

"நல்லா கேட்டுச்சுடி. டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"கரெக்டுன்னாங்க. வாரம் ஃபுல்லா நான்தான்."

பாவம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஸ்லோ."

"இன்னாது?"

"காலையில ஊட்ல எட்டு அம்பதுக்குக் கிளம்பினோம். அஞ்சு நிமிஷ நடைதான. ஸ்கூல்ல போய்ப் பாத்தா எட்டு அம்பத்தேழு. மிஸ்ஸோட போன்லயும் எட்டு அம்பத்தேழு. அப்போ நம்முதுதான் தப்பு. நான் ஸ்கூல் கடிகாரத்தப் பாத்தே அடிச்சிட்டேன். ஒண்ணும் கழிக்கல."

போனை எடுத்துப் பார்த்தேன். நாலு பதினேழு. சுவரில் நாலேகால். ரிமோட்டில் இருந்து பிடுங்கிப் போட்ட, சாகக் கிடந்த பேட்டரி, ஒரு வாரத்தில் இரண்டு நிமிஷம் தின்றிருக்கிறது. டிரைவர் பாவம், சனிக்கிழமை அவர் சரியான நேரத்துக்குத்தான் பஸ்ஸை எடுத்திருக்கிறார். மதியம் இதே போனில்தான் பேசினேன், அதில் மணி பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"நீ முன்னாடியே அடிச்சிட்டன்னு நெனச்சேண்டி" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "மத்தியானத்துலருந்து உன்னத்தான் தப்பா நெனச்சிக்கினு இருந்தேன்."

"பரவால்லம்மா. கேட்டுச்சுல்ல?" என்றாள்.

முனைக் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து ஸ்டூலைப் போட்டேன். நான் ஏறவில்லை. அவள்தான் ஏறினாள். சின்னவள் வாயில் கேசரியோடு ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள், நான் போனில் மணியைப் பார்த்துச் சொல்ல, பெரியவள் முள்ளைத் திருப்பினாள்.